தாழ்ப்பாள் பாட்டு எங்கே?

பழைய படத்தையே மறுபடியும் எடுத்திருக்கிறார்கள் என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் என் வாய் சும்மா இருக்காது. பழசு நன்றாயிருந்ததா, புதுசு நன்றாயிருக்கிறதா என்று சண்டை போட உடனே ஆள் தேடுவேன். அந்தச் சண்டைக்கு என்னைப் பழக்கியது ஒரு பாட்டுப் படம். அதை முதல் தடவை எடுத்தபோது நான் இடுப்பில் இருந்த குழந்தை. இரண்டாம் தடவை எடுத்து அது கோலா சிலாங்கூர் கொட்டகைக்கு வந்தபோது, அம்மாவோடு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போய்க்கொண்டிருந்த பெரிய பெண்.

அப்போது மலாயாவில் அவசரகாலம். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்த கூலிவீட்டு லயங்களையெல்லாம் பிரித்துக் கொண்டுவந்து ஓரிடத்தில் நட்டு, சுற்றிலும் முள்வேலி போட்டிருந்தார்கள். விடிந்தால் வாசல் திறக்கும், சாயங்காலம் சங்கு ஊதினால் மூடும். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று ஒரு பிடி சோறுகூட வேலியைத் தாண்ட விடமாட்டார்கள். வாசலில் நிற்கும் சோதனைக்காரம்மா மடியை உதறச் சொல்வாள், வாளியைக் கவிழ்க்கச் சொல்வாள். வெறும் வயிற்றோடுதான் வேலைக்குப் போவோம்.

மரம் வெட்டி முடித்தவுடன் பால் எடுத்துவிட முடியாது. சொட்டி ஓயும்வரை காத்திருக்க வேண்டும். முன்பெல்லாம் அந்த நேரத்தில்தான் கட்டுச்சோற்றைப் பிரிப்பார்கள். பிரிப்பதற்கு ஒன்றுமில்லாத அந்த நேரத்தில் எங்கள் அம்மா படத்தைப் பிரித்தாள்.

முதல் படத்தை எங்கள் கூட்டத்தில் பார்த்தவர்கள் இரண்டு பேர்தான். ஜப்பான்காரன் வருவதற்கு முன்னால் அப்பாவும் அம்மாவும் தீபாவளிக்குக் கோலா சிலாங்கூர் போய்ப் பார்த்தார்கள். அப்பாவைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். கொட்டகையில் விளக்கை அணைத்தால் அது தூங்குவதற்காகத்தான் என்று நினைக்கிற மனிதர் அவர். ஆகவே எங்களுக்குப் படம் என்றால் அம்மா சொன்ன படம். பாட்டு என்றால் அம்மா பாடிய பாட்டு.

கதை ஓர் ஓடக்காரன் மகளைப் பற்றியது. மாறுவேடத்தில் ஆற்றைக் கடக்க வந்த இளவரசன் அவளைக் கட்டிக்கொள்கிறான். ஒருநாள் "இதோ வந்துடறேன்" என்று அவள் ஓடத்திலேயே ஏறிப் போனவன், அரண்மனையில் வேறொருத்தியோடு இருந்துவிடுகிறான். நாடு போகிறது, கிரீடம் போகிறது, அந்த அரண்மனைக்காரியும் போகிறாள். எல்லாம் போனபிறகு கொட்டும் மழையில் வந்து ஓடக்காரியின் கதவைத் தட்டுகிறான். இந்த இடம் வந்ததும் அம்மா எழுந்து ஒரு பால்மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். மரம்தான் கதவு. அங்கிருந்து பாட்டு வரும்:

தாழ்ப்பாள் எம்பக்கம் இருக்குதய்யா – வெறும்
தட்டுறது மட்டும் உம்பக்கமய்யா

அவ்வளவுதான். அவள் திறக்கமாட்டாள். மழை பெய்துகொண்டே இருக்கும். சுபம்.

அந்தப் பாட்டு தோட்டத்தையே பிடித்துக்கொண்டது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்துக் கிழவி அதைத் தாலாட்டாக்கினாள். கள்ளுக்கடை மூடியிருந்தால் ஆண்கள் கதவைத் தட்டி அதையே பாடினார்கள். கோபத்தில் இருந்த பெண்டாட்டிமார் அடுப்படியிலிருந்து முணுமுணுத்தார்கள். ஆனால் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாத ஒருத்தி இருந்தாள். எங்களுக்கு அடுத்த வீட்டு அக்கா.

அவள் புருஷன் கோலா குபு பக்கத்தில் ஒரு தோட்டத்துக்குப் போய் அங்கே வேறொருத்தியோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தான். அக்கா அழுது தீர்த்துவிட்டு, தன் மரங்களைத் தானே வெட்டித் தன் சோற்றைத் தானே தின்றுகொண்டிருந்தாள். வாழ்க்கையில் ஒரு படமும் பார்த்தவள் இல்லை. அம்மா முதல்முறை கதையைச் சொல்லி முடித்தபோது எல்லோரும் கைதட்டினோம். அக்கா மட்டும் ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்பறம் அவ சாப்பாட்டுக்கு என்னா செஞ்சா பெரியம்மா?"

"ஓடம் அவகிட்டதான புள்ள இருக்கு" என்றாள் அம்மா.

அக்கா தலையாட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் அழுது நான் பார்க்கவில்லை.

அந்தப் புருஷன் திரும்பி வந்தான். அங்கே துரத்திவிட்டார்கள் என்று பேச்சு. எங்கள் மண்டோர் அவனுக்குத் தாய்மாமன். தன் வீட்டில் தங்கவைத்துக்கொண்டு, சாயங்காலம் தவறாமல் அவனை அழைத்துவந்து அக்கா வீட்டு வாசலில் நிறுத்தினார். யாருக்கு எந்த மரங்கள் என்று பிரித்துக் கொடுப்பவர் அவர். அவரைப் பகைத்துக்கொண்டால் மலையோரத்துச் செத்த மரங்கள்தான் கிடைக்கும். வேலிக்குள் எல்லோரும் அடைந்து கிடக்கிற காலம், அவள் எங்கே ஓடிப் போவாள்? லயமே வேடிக்கை பார்த்தது. ஒருநாள் மண்டோர் பொறுமை இழந்தார்.

"மருமவளே, கட்டுன புருசன் வந்து நிக்கிறான். கதவச் சாத்திக்கிட்டு உள்ளாற ஒக்காந்திருக்கிறியே, இது எந்த ஊரு ஞாயம்?"

"படத்துல அவ தொறந்தாளா மாமா?" என்று கதவுக்குள்ளிருந்து அக்கா கேட்டாள்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மண்டோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் படத்தைப் புதுசாக எடுத்திருக்கிறார்கள், கோலா சிலாங்கூருக்கு வந்திருக்கிறது என்று லோரிக்காரன் அன்றைக்குத்தான் சேதி கொண்டுவந்திருந்தான்.

"சரி லா. தொரைகிட்ட சொல்லி லோரி கேக்கறேன். எல்லாருமே போய்ப் பாப்பம். அவ தொறக்கலன்னா நான் இனிமே உன் வாசப்படி மிதிக்க மாட்டேன். தொறந்துட்டா நீயும் தொறக்கணும். என்னா சொல்ற?"

உள்ளேயிருந்து பதில் வந்தது.

"சரி மாமா."

சொன்ன வார்த்தைக்கு லயம் முழுக்கச் சாட்சி. எங்களுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அக்கா ஜெயித்தாயிற்று, லோரியும் கிடைத்தாயிற்று! திறக்கமாட்டாள் என்றுதான் எல்லோருக்கும் தெரியுமே! மண்டோர் பாவம், மரத்தடியில் உட்கார்ந்து கதை கேட்காதவர், வசமாக மாட்டிக்கொண்டார் என்று நான் குதித்துக்கொண்டிருந்தேன். அம்மா மட்டும் அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள். எரிகிற அடுப்பை எதற்கு ஊதுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

"புதுசெல்லாம் பழசு மாதிரி வராது. எதுக்குப் போயிக்கிட்டு" என்றாள். மறுநாள் தலைவலி என்றாள். அதற்கு மறுநாள் லோரியில் போனால் வாந்தி வரும் என்றாள். பழைய படத்தின் மேல் அவளுக்கு அவ்வளவு கர்வம் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவளை விட்டுவிட்டுப் போவதா? படமே அவளுடையது. இழுத்துக்கொண்டுதான் போனோம்.

ஊரடங்குக்கு முன்னால் திரும்பிவிட வேண்டும் என்பதால் பகல் ஆட்டம். ஞாயிற்றுக்கிழமை. பெட்டியில் கிடந்த சேலையெல்லாம் வெளியே வந்தது. அதில் ஏறியிருந்த பாச்சா உருண்டை வாசனையில் எனக்கே தும்மல் வந்தது. வாசலில் சோதனைக்காரம்மா அன்றைக்கும் விடவில்லை. முறுக்கு, அவல், வேகவைத்த மரவள்ளி எல்லாம் அவள் மேஜைமேல் குவிந்தது. எங்களோடு மரம் வெட்ட வரும் ஆயா, அப்பாவின் அம்மா, கொண்டைக்குள் பக்கோடாவை வைத்துக் கட்டியிருந்தாள். எண்ணெய் கழுத்தில் வழிந்து காட்டிக்கொடுத்துவிட்டது. சோதனைக்காரம்மா கொண்டையை அவிழ்த்தபோது நாங்கள் சிரித்த சிரிப்பில் லோரியே ஆடியது. முன்னால் ஒரு போலீஸ் வண்டி, பின்னால் நாங்கள். அசாம் ஜாவா ஊரைத் தாண்டும்வரை தாழ்ப்பாள் பாட்டைப் பாடிக்கொண்டே போனோம். முன் வண்டியிலிருந்த மலாய்க்காரப் போலீஸ்காரர்கூடத் துப்பாக்கியில் தாளம் போட்டார்.

இப்போது படத்தைப் பற்றிச் சொல்கிறேன். உண்மையைச் சொல்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்: புதுப் படம் அற்புதம்! திரையில் முதலில் ஆறு வந்தது. "நெசத் தண்ணி!" என்று யாரோ கத்தினார்கள். நிஜத் தண்ணீர்தான், நிஜ ஓடம்தான், துடுப்பிலிருந்து நிஜமாகச் சொட்டியது. அம்மாவின் படத்தில் எடுத்ததற்கெல்லாம் பாடுவார்கள். மந்திரி பாடுவார், வைத்தியர் நாடி பிடித்துக்கொண்டே பாடுவார், சாகிறவன்கூட நாலு அடி பாடிவிட்டுத்தான் சாவான். புதுசில் பாட்டு குறைவு. ஆனால் ஒவ்வொரு பாட்டுக்கும் என்ன ஜோடனை! ஆற்றில் விளக்கு மிதந்தது, வரிசை வரிசையாகப் பெண்கள் சுழன்றார்கள். அம்மாவின் படத்தில் அரண்மனைக்காரிக்குப் பூசணிக்காய் முகம். இதில் அவள் வந்து நின்றதும் நான் வாயைப் பிளந்துவிட்டேன். அவளைத் திட்ட வேண்டும் என்பதே மறந்துபோயிற்று.

குறையும் உண்டு. நடுவில் இரண்டு பேர் வந்து ஒருவரையொருவர் விளக்குமாற்றால் அடித்துக்கொண்டார்கள். கதைக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தமோ! இளவரசன் ஓடம் ஏறிப் போகும்போது ஓடக்காரி பாடிய பாட்டு அழகுதான், ஆனால் அம்மா பாடும்போது வருகிற அந்தத் தொண்டை அடைப்பு இதில் இல்லை. பின்வரிசையில் பட்டணத்துப் பையன்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. இப்போதெல்லாம் நடிக்கிறவள் வாயை மட்டும் அசைப்பாளாம், குரல் வேறொருத்தியுடையதாம். அதை அப்படியே அக்காவுக்குச் சொன்னேன். அம்மாவிடமும் சொல்லத் திரும்பினால், அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. புதுப் பாட்டின்மேல் பழைய பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் மழை வந்தது. கொட்டகையில் எங்கள் ஆட்கள் இருந்த பக்கம் முழுவதும் நிமிர்ந்து உட்கார்ந்தது. எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் இருந்த அக்கா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் கையில் அழுந்தியது. அவன் நனைந்துகொண்டு வந்தான். தட்டினான். அவள் எழுந்தாள். கதவருகே வந்தாள். தாழ்ப்பாளில் கை வைத்தாள். வாத்தியமெல்லாம் ஒன்றாக எழும்பியது. கூடவே பாடுவதற்கு நாங்கள் அத்தனை பேரும் மூச்சை இழுத்துக்கொண்டோம்.

அவள் தாழ்ப்பாளை இழுத்துத் திறந்துவிட்டாள். அவன் காலில் விழுந்தாள். அவன் காலில் இருந்த சேற்றைத் தன் முந்தானையால் துடைத்தாள். சுபம்.

இழுத்த மூச்சை என்ன செய்வதென்று ஒரு கணம் யாருக்கும் தெரியவில்லை. பிறகு கொட்டகை இரண்டுபட்டது.

"ஏய், பாட்டு எங்கடா?"

"தாழ்ப்பாள் பாட்டப் போடு!"

"ரீல வெட்டிட்டானுங்க லா! நல்ல பாட்டா பாத்து வெட்டிட்டானுங்க!"

ஆயா செருப்பைக் கழற்றிவிட்டாள். நானும் பெஞ்சு மேல் ஏறி நின்று கத்தினேன், ஒளிக்கவில்லை. பட்டணத்து ஜனங்கள் எங்களைப் பைத்தியங்களைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். படம் ஓட்டுகிறவர் ஓட்டை வழியாக எட்டிப் பார்த்து, எல்லா ரீலும் ஓட்டியாயிற்று, அப்படி ஒரு பாட்டே கிடையாது என்று சத்தியம் செய்தார். அக்கா உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மண்டோர் வாய் நிறைய வெற்றிலையோடு சிரித்துக்கொண்டே வெளியே நடந்தார்.

கொட்டகைக்குப் பக்கத்தில் தமிழ் முஸ்லிம் ஒருவரின் தேத்தண்ணிக் கடை, காக்கா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர், ஜப்பான்காரன் காலத்துக்கு முன்பிருந்தே அங்கே கடை வைத்திருப்பவர். லோரி புறப்படும் முன்னால் எல்லோரும் அங்கேதான் தேத்தண்ணி குடித்தோம். எங்கள் பெண்கள் மண்டோரைச் சூழ்ந்துகொண்டார்கள். புதுசில் கெடுத்துவிட்டார்கள், முதல் படத்தில் அவள் திறக்கவேயில்லை, அதுதான் சரியான படம் என்று ஆளுக்கொரு பக்கம் கத்தினோம். மண்டோர் அப்பாவைப் பார்த்தார்.

"நீ பாத்தவன்தான? சொல்லு."

"நான் தூங்கிட்டேன் லா" என்றார் அப்பா.

மண்டோர் கடைக்காரரைத் திரும்பிப் பார்த்தார். "காக்கா, பழசு இங்கதான ஓடுச்சு? அதுல அந்தப் பொம்பள கதவத் தொறந்தாளா, இல்லியா?"

காக்காவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. படத்தைப் பற்றிப் பேச ஆள் கிடைத்தால் எனக்கு எப்படியோ அப்படித்தான் அவருக்கும். தேத்தண்ணி ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

"பழசா? அது எங்க, இது எங்க! அதுல ஆறே கெடையாது. துணியில எழுதித் தொங்க விட்டிருப்பான். ஓடத்துக்குக் கீழ சக்கரம் தெரியும். ஆனா பாட்டு இருக்கே, அடடா! இதுல பாதிகூடத் தேறாது."

"கதவு காக்கா, கதவு!"

"தொறந்தா. பின்ன? இதே மாதிரிதான். அதுல முந்தானையில தொடைக்க மாட்டா, கண்ணீரால கழுவுவா. அவ்வளவுதான் வித்தியாசம்."

எல்லோருடைய கண்ணும் அம்மாவின் மேல். அம்மா டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவமானமாக இருந்தது, அழுகை வந்தது, அந்தக் காக்காவின் மேல் காரணமே இல்லாமல் ஆத்திரம் வந்தது. இத்தனை நாள் நாங்கள் பாடிய பாட்டு எந்தப் படத்திலும் இல்லை!

"கேட்டுக்கிட்டியா மருமவளே? அந்தப் படத்துலயும் தொறந்துட்டா, இந்தப் படத்துலயும் தொறந்துட்டா" என்றார் மண்டோர். குரலில் கேலிகூட இல்லை. காரியம் முடிந்த திருப்தி. "வா, போலாம். அவன் மூட்டையக் கட்டிக்கிட்டு ஒன் வாசல்ல ஒக்காந்திருப்பான்."

அக்கா எழுந்திருக்கவில்லை. மிச்சமிருந்த தேத்தண்ணியைக் குடித்து முடித்தாள்.

"தொறந்தவங்க தொறந்துட்டுப் போறாங்க மாமா. அவங்கள எனக்குத் தெரியாது. பெரியம்மா சொன்னவளத்தான் எனக்குத் தெரியும்."

"அவ பொய்யின்னு காக்கா சொல்றாரே!"

"இவ மட்டும் நெசமா மாமா? கொரலே அவளுது இல்லியாம்."

கடையில் இருந்தவர்கள் குபீரென்று சிரித்துவிட்டார்கள். காக்காவும் சிரித்தார். மண்டோருக்கு முகம் கறுத்தது.

"லயமே கேக்க வாக்குக் குடுத்த."

"குடுத்தேன்தான். இப்ப மாத்திக்கறேன். கல்யாணத்தன்னிக்கு அவரும் ஊரு கேக்கத்தான் வாக்குக் குடுத்தாரு. மாத்திக்கலியா?"

லோரிக்காரன் ஹாரன் அடித்தான். எல்லோரும் ஏறிக்கொண்டோம்.

திரும்பும்போது யாரும் பாடவில்லை. அம்மாவை இடித்துக்கொண்டு உட்கார்ந்து, அவள் காதில் மட்டும் விழும்படி கேட்டேன். "ஏம்மா அப்படிச் சொன்ன?"

அம்மா பாதையோரத்து மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு அவ கதவத் தொறந்தப்ப எனக்குப் பொறுக்கலடி. கொட்டகைய விட்டு வெளிய வந்தேன். நானே சாத்திட்டேன்."

அப்பா பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கினாரா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்தான்.

லயத்துக்கு வந்து இறங்கியபோது மண்டோர் சொன்னபடியே அவன் மூட்டையோடு அக்கா வாசலில் உட்கார்ந்திருந்தான். தலை வாரி, பவுடர்கூடப் போட்டிருந்தான். அக்கா அவனைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் எங்கள் வீடுவரை கேட்டது. அவன் தட்டினான். கொஞ்சம் பலமாகத் தட்டினான். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். அக்கா பாடவெல்லாம் இல்லை. உள்ளே வெங்காயம் தாளிக்கிற வாசனைதான் வந்தது. சங்கு ஊதியதும் மூட்டையை எடுத்துக்கொண்டு மாமன் வீட்டுக்கு நடந்தான்.

மறுநாள் மண்டோர் தன் வேலையைக் காட்டினார். அக்காவுக்கு மலையோரத்து மரங்கள். ஏறி இறங்கி வெட்டி முடித்துவிட்டு, பால் சொட்டுகிற நேரத்துக்கு மூச்சு வாங்க எங்களிடம் வந்து சேர்ந்தாள். அம்மா யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். கேட்கவும் கூச்சம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. கடைசியில் ஆயாதான் வாயைத் திறந்தாள்.

"என்னா சும்மா ஒக்காந்திருக்க? கதயச் சொல்லு."

"எதச் சொல்றது? அதான் எல்லாந் தெரிஞ்சு போச்சே."

"சொல்லுங்க பெரியம்மா" என்றாள் அக்கா.

அம்மா தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள். ஆறு வந்தது. இப்போது அதில் நிஜத் தண்ணீர் சொட்டியது, விளக்கு மிதந்தது. புதுப் படத்தில் நல்லதாக இருந்ததையெல்லாம் அம்மா வெட்கமே இல்லாமல் எடுத்துக்கொண்டிருந்தாள்! விளக்குமாற்றுக்காரர்களை மட்டும் சேர்க்கவில்லை. அரண்மனைக்காரிக்கு அழகான முகம் கிடைத்தது. எனக்கு மறுபடி உற்சாகம் பொங்கியது. கதை ஓடி ஓடி மழைக்கு வந்தது. அவன் வந்தான். கதவைத் தட்டினான். அம்மா அங்கே நிறுத்திவிட்டாள். எழுந்திருக்க அவளுக்குக் கால் வரவில்லை. அக்காவை ஒரு தரம் பார்த்தாள், பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

அக்கா வெட்டுக்கத்தியைக் கீழே வைத்தாள். எழுந்து போய் மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு, தாளமும் சுருதியும் சேராத குரலில் பாட ஆரம்பித்தாள்.